சொல்தா வீட்டு மாடியில் பன்னிரண்டு சூரியகாந்தி

"செடி மண்ணைச் சுத்தம் பண்ணிடுமாமே?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மூன்று வருஷம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வற்றியவள் நான். பண்ணாது. செடி எதையும் சுத்தம் பண்ணாது. இடம் மாற்றும், அவ்வளவுதான்.

அணுகுண்டு வெடித்தாலோ அணு உலை கெட்டாலோ காற்றில் வந்து மண்ணில் இறங்குகிற சமாச்சாரங்களில் சீசியம் என்று ஒன்று உண்டு. களிமண்ணில் விழுந்தால் அதைக் களிமண் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மணலில் விழுந்தால் மழையோடு கீழே இறங்கும். இது வெறும் மண்ணின் கதை. அங்கே ஒரு செடி முளைத்துவிட்டால் எல்லாம் மாறிப்போகும். செடிக்கு வேண்டியது பொட்டாசியம். சீசியத்துக்குப் பொட்டாசியத்தின் சாயல் இருப்பதால் வேர் ஏமாந்து அதையும் சேர்த்து உறிஞ்சும். உறிஞ்சியது தண்டில் ஏறி இலைக்குப் போகும், இலை உதிரும், கீழே இறங்கியிருக்க வேண்டியது மறுபடி மேல்மண்ணிலேயே வந்து உட்காரும். வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்தக் கட்டிலையும் தினம் இடம் மாற்றிப் போடுவதற்குப் பெயர் சுத்தமா?

இரண்டாயிரத்துகளின் நடுவில், புதுச்சேரியில் ஒரு கல்லூரியில், இதுதான் என் ஆராய்ச்சி. கதிர்வீசும் சீசியத்தை என்னைப் போன்ற மாணவியிடம் யாரும் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது. அதனால் கதிர்வீசாத சாதாரணச் சீசியத்தை வைத்துக்கொண்டேன். மண்ணிலும் வேரிலும் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஒன்று போக்கிரி, இன்னொன்று அவனுடைய சாதுவான அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைச்சாவடிக் கடற்கரை மணல், உழவர்கரைச் செம்மண், ஏரி வண்டல் என்று மூன்று மண். தொட்டியில் அளந்து ஊற்றிய சீசியம், அறுவடைக்குப் பின் மண்ணில் எவ்வளவு, வேரில் எவ்வளவு, தண்டு, இலை, பூவில் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டினால் ஊற்றிய அளவு திரும்ப வர வேண்டும். வந்தால் பட்டம். வராவிட்டால் என் வழிகாட்டிப் பேராசிரியர் தலையைக்கூடத் தூக்காமல் "ரிப்பீட்" என்பார். மனிதருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

முதல் தடவை கல்லூரி வளாகத்தில் கீரை போட்டேன். வலை கட்டிய கொட்டகைக்குக் கதவு வேண்டும் என்று நான்கு மனு எழுதினேன். கதவு வருவதற்குள் ஆடு வந்துவிட்டது. மாலையில் போய்ப் பார்த்தால் இருபது தொட்டியிலும் மொட்டைக் காம்பு. அலுவலகத்தில் சொன்னேன். "ஆடு எந்தப் பக்கமா வந்திச்சுன்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். ஆட்டைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்றேன். அதற்கும் ஒரு மனு கேட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மாடியோடு கூடிய வாடகை அறை தேடி சாரம் பகுதிக்கு வந்தேன். வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், புதுச்சேரிப் பேச்சில் 'சொல்தா'. அந்தத் தெருவில் 'சொல்தா வீடு' என்றால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுவந்து விடுவார். எல்லாரும் அவரை முசியே என்றும் அவர் மனைவியை மதாம் என்றும் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முசியே படித்ததெல்லாம் பிரெஞ்சில். பேசுவது நம் ஊர்த் தமிழ், ஆனால் தமிழ் செய்தித்தாளை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மதாம் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். இரண்டு பேர்தான் அந்தப் பெரிய வீட்டில். பிள்ளைகள் பிரான்சில் இருப்பார்கள் என்று நினைத்து, "பசங்க எங்க இருக்காங்க மதாம்?" என்று முதல் வாரமே கேட்டுவைத்தேன். "இல்லம்மா" என்றார். பிரான்சில் இல்லை என்கிறாரா, பிள்ளையே இல்லை என்கிறாரா என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

அறை கேட்டுப் போன அன்றைக்கே மதாம் கேட்டார்: "இன்னா படிக்கிறம்மா?"

"கதிரியக்கப் பொருள் மண்ணுல எப்படி நகருதுன்னு, செடி வெச்சு…"

"கதிரா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நெல்லுக் கதிரா, கம்பங்கதிரா?"

நான் அந்த மாடியைப் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை மறைக்க ஒரு மரம் இல்லாமல் வெயில். பக்கத்திலேயே குழாய். உள்ளதைச் சொன்னால் அணு என்பார்கள், குண்டு என்பார்கள், அறை கிடையாது என்பார்கள். இதற்கு முன்னால் இரண்டு வீட்டில் அப்படித்தான் ஆனது. "அந்த மாதிரிதான் மதாம்" என்றேன். அந்தத் தெரு முழுக்க நான் 'கதிர் படிக்கிற பொண்ணு' ஆனேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஊர் நெல்லில் பதர் விழுவதற்கு மருந்து கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது தடவை போட்ட கீரை நன்றாக வந்தது. ஆடு ஏற முடியாத மாடி. அறுத்து, உலர்த்தி, எரித்து, அமிலத்தில் கரைத்து அளந்தால் எண்கள் பைத்தியம் பிடித்தாற்போல் இருந்தன. மணலில் வளர்ந்த செடியில் சீசியம் அதிகமாக இருக்க வேண்டும். மூன்று மணல் தொட்டியில் இரண்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஊற்ற மறந்துவிட்டாயா என்று பேராசிரியர் கேட்டார். அவமானத்தில் இரண்டு மாதம் என் கையெழுத்தையே நான் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் காலையில் துணி காயப் போடப் போனபோது, காலித் தொட்டியில் மதாம் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா மதாம் அது?"

"சாம்பத் தண்ணிம்மா. வெந்நி அடுப்புச் சாம்பல். நீ கீர வெச்சிருந்தப்பகூட, பாவம், அந்த மணல்ல இருந்துதுங்க வாடிப்போய் நின்னுச்சே, அதுங்களுக்கு மட்டும் தெனம் ஊத்துனேன். எப்டித் தேறுச்சு பாத்தியா?"

விறகுச் சாம்பல் முழுக்கப் பொட்டாசியம். வயிறார உண்மையான பொட்டாசியம் கிடைத்த வேர் எதற்காகப் போலியைத் தொடும்? என் ஒரு வருஷத்தை அந்த அம்மாள் அன்பாகக் கரைத்து ஊற்றியிருந்தார். கத்தவும் முடியவில்லை. அறைக்குள் போய் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினேன்.

பேராசிரியர் அக்டோபரில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கணக்கு நேராகாவிட்டால் வேறு வழிகாட்டி, வேறு தலைப்பு, மறுபடி முதலில் இருந்து. என் வீட்டில் அதற்கெல்லாம் பொறுமை இல்லை, கல்யாணப் பேச்சு எடுத்துவிடுவார்கள். மூன்றாவது தடவைதான் கடைசித் தடவை. இந்த முறை சூரியகாந்தி வைத்தேன். மண்ணுக்கு நான்காகப் பன்னிரண்டு தொட்டி, தொட்டிக்கு ஒரு செடி. சுற்றிலும் கயிறு கட்டினேன். தண்ணீர் தவிர எதையும் ஊற்றக் கூடாது, செடியைத் தொடக் கூடாது என்று மதாமிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கிளி வந்தால்கூடக் கயிற்றுக்கு வெளியே நின்றே துரத்தினார். பன்னிரண்டும் பூத்தன. கல்லூரியில் உலர்த்தும் அடுப்பு ஜூலை பதினைந்தாம் தேதி எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

பதினான்காம் தேதி காலையில் பூக்களைப் போட்டு வைக்கக் காகிதப் பை வாங்கப் போனேன். ஒன்பது மணிக்குத் திரும்பி மாடி ஏறினால், பன்னிரண்டு தண்டு நிற்கிறது, தலை ஒன்றுக்கும் இல்லை.

"மதாம்!"

அவர் கரண்டியோடு ஓடிவந்தார். "முசியே எடுத்துனு போனாரும்மா. இன்னைக்கு ஜூலை பதினாலு, பிரான்சு நாட்டுத் தேசியத் திருநாளு இல்லியா? கடையில புக்கே, அதான் பூச்செண்டு, நல்லா இல்ல, வெறும் சாமந்தியா இருக்குதுன்னாரு."

"தொடக் கூடாதுன்னு சொன்னேனே மதாம்!"

"நான் எங்கம்மா தொட்டேன்? அவுரு கேட்டாரு, இது அந்தப் பொண்ணுக்கு வேணுமான்னு. உனக்குக் கதிர்தானே வேணும்? சூரியகாந்தில ஏது கதிரு? வெறும் பூவு. அதான் எடுத்துக்குங்கன்னேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு முழுவதையும் நான்தான் வாசலில் நின்று 'அந்த மாதிரிதான்' என்று விதைத்திருந்தேன். அந்த எரிச்சலையும் சேர்த்து முசியே மேல் வைத்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினேன்.

பீச் ரோட்டில் போர் நினைவுச்சின்னத்துக்கு முன்னால் சடங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. கோட்டும் பதக்கமுமாக சொல்தாக்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். மலர் வளையங்களுக்கு நடுவில் என் பன்னிரண்டு சூரியகாந்தியும், நீலம் வெள்ளை சிவப்பு ரிப்பனில் கட்டிப் பளிச்சென்று கிடந்தன. குனிந்து எடுக்கப் போனேன். சிவப்புத் தொப்பிக் காவலர் குறுக்கே வந்தார்.

"இன்னாம்மா பண்ற? செத்தவங்களுக்கு வெச்ச பூவு அது."

"அது என் பூ சார். என் ஆராய்ச்சி."

அதற்குள் முசியே வந்துவிட்டார். "இங்க இன்னாத்துக்கு வந்த? வெச்ச பூவ எடுக்கக் கூடாது. மரியாதையா இருக்காது."

"முசியே, அது கதிர் இல்ல. கதிரியக்கம்!"

அவருக்கு அந்தச் சொல் ஏறவில்லை. "கதிருதான் இல்லியே, பூவுதானே" என்று பொறுமையாக எனக்கு விளக்க ஆரம்பித்தார். எனக்குப் பொறுமை போயேவிட்டது. நடு ரோட்டில் நின்று, "ரேடியோஆக்டிவ் முசியே! ரேடியோஆக்டிவ்!" என்று கத்தினேன்.

"ரதியோஆக்தீவ்?" என்றார் அவர்.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு நான்கு அடி பின்வாங்கினார்கள். காவலர் எட்டு அடி போனார். இதில் கதிர் ஒன்றும் வீசாது, இது சாதுவான அண்ணன்தான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் விழவில்லை. முசியே மட்டும் பின்னால் போகவில்லை. குனிந்து, வெறுங்கையால், பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து என் பையில் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கூட்டத்துக்குள் போய்விட்டார். கோபித்துக்கொண்டார், அறையைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பூ கிடைத்துவிட்டது, ஆனால் எந்தப் பூ எந்தத் தொட்டி? அது தெரியாவிட்டால் பன்னிரண்டும் குப்பைதான். முசியே கத்தியால் சாய்வாக அறுத்திருந்தார், ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு சாய்வு. மாடியில் உட்கார்ந்து, பூக்காம்பின் வெட்டையும் தொட்டியில் நிற்கிற தண்டின் வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தினேன். ஒன்று பொருந்தவே அரை மணி ஆனது. மதாம் வந்து எட்டிப் பார்த்தார். கயிற்றுக்கு வெளியேதான் நின்றார். "உள்ள வரலாமா?" என்றார். வாங்க என்றேன், வேறென்ன செய்வது. அவருக்குக் கண் கத்தி மாதிரி. காம்பை விரலில் உருட்டிப் பார்த்து, "இது சவலப்புள்ள, மணல்ல இருந்தது" என்று கொண்டுபோய் வைப்பார், வெட்டு அச்சாகப் பொருந்தும். வெயில் உச்சிக்கு வருவதற்குள் எட்டு பொருந்திவிட்டது.

ஒன்பதாவதைக் கையில் வைத்திருந்தபோது முசியே மேலே வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"செடி அத மண்ணுலேருந்து இழுத்துக்குமா?"

"ஆமா முசியே."

"மனுஷன்கிட்டேருந்து இழுக்கிற செடி எதுனா இருக்குதா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு எரிச்சல் வந்ததோ. இதோ வந்துவிட்டார் அடுத்தவர், சுத்தம் பண்ணுமா என்று கேட்க. "அப்படி எதுவும் கிடையாது முசியே. கொஞ்சம் வெயில மறைக்காம நில்லுங்க" என்றேன், தலையைத் தூக்காமலே. என் பேராசிரியரைப் போலவே. அவர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப்போனார்.

மதாம் கையிலிருந்த காம்பைக் கீழே வைத்தார்.

"அவுரு அந்தத் தீவுல இருந்தவரும்மா. பசிபிக் கடல்ல. பிரான்சுக்காரங்க அணுகுண்டு வெடிச்சுப் பாத்தாங்களே, அதுக்குப் பக்கத்துத் தீவு. ரெண்டு வருஷம். தெனம் இளநி குடிச்சாராம். அப்புறம் எதுலியோ படிச்சிருக்காரு, தென்ன மரம் அந்தக் குண்டு வெசத்த இழுத்துக்கும்னு. கல்யாணம் ஆன புதுசுல என்னிய உக்கார வெச்சுச் சொன்னாரு. என் ஒடம்புல அது இருக்குது, பொறக்குற புள்ளைக்குப் போயிடும், நமக்குப் புள்ள வேணாம்னாரு. நானும் சரின்னுட்டேன்."

சாம்பல் தண்ணீர் ஊற்றியதைச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார். நான் எழுந்து கீழே ஓடினேன்.

முசியே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதக்கங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். நம் உடம்பும் வேர் மாதிரி ஏமாறும், பொட்டாசியம் என்று நினைத்துச் சீசியத்தை உள்ளே விடும். ஆனால் வைத்துக்கொள்ளாது. சிறுநீரில் போய்விடும். மூன்று நான்கு மாதத்தில் பாதி போகும், அடுத்த மூன்று நான்கு மாதத்தில் மிச்சத்தில் பாதி. இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அந்த இளநீரில் அது இருந்ததா என்பதே நமக்குத் தெரியாது.

"நீங்க அந்தத் தீவுலேருந்து எப்பத் திரும்புனீங்க முசியே?"

"அறுபத்தொம்பது."

"கல்யாணம்?"

"எழுவத்திரண்டு" என்று வாசல்படியில் இருந்து மதாமின் குரல் வந்தது. என் பின்னாலேயே இறங்கி வந்திருக்கிறார்.

"அப்ப இல்லியா?" என்று கேட்டார் முசியே.

"சீசியம் இருந்திருக்காது முசியே. மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது. அது மட்டும் நல்லாத் தெரியும்."

பதக்கத்தின் ஊசியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். மதாம் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். அந்த வீட்டில் மதாமின் குரல் உயர்ந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஒரு ஆள… யாராச்சும் ஒரே ஒரு ஆளக் கேட்டிருக்கலாம் இல்ல?"

"யாரப் போய்க் கேக்கறது?" என்றார் முசியே.

நான் சுவரோடு சுவராக நின்றேன். எழுபத்திரண்டில் நான் பிறக்கவே இல்லை, அந்தக் கணக்கை நான் நேராக்கியிருக்க முடியாது. ஆனாலும் இரண்டு வருஷமாக இவர் தலைக்கு மேலேயே குடியிருந்தேன். யாரும் சரியான கேள்வி கேட்பதில்லை என்று ஊரையே கரித்துக்கொண்டு இருந்தேன். கேட்க வேண்டிய மனிதர் கீழே இருந்தார், அவரிடம் நான் நெல்லுக்கதிர் என்று சொல்லி வைத்திருந்தேன். கடைசியில் அவர் கேட்டும்விட்டார். வெயிலை மறைக்காதீர்கள் என்றேன். வெட்கமாக இருந்தது. அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

மதாம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "பூவு வாடுதும்மா" என்றார். எனக்கு முன்னால் படியேறிப் போய், கயிற்றுக்குள் உட்கார்ந்து, மீதி இருந்த நான்கு காம்பையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்டில் வைத்துப் பார்த்தார். அவர் சொன்ன தொட்டி எண்களை நான் எழுதிக்கொண்டேன். நான்கும் சரியாகப் பொருந்தின.